வெளியே நின்றவர் கேட்ட கேள்வி



மாணவர்கள் ஆசிரியரிடம் கேட்கும் கேள்விகள் இரு வகைப்படும். உடனே விடை கூறத்தக்கவை ஒரு வகை. விடையைத் தேடிப் பல ஆண்டுகள் நம்மை அலைய வைப்பவை மற்றொரு வகை. இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு கேள்வியை என்னிடம் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கேட்டான். அதற்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்றைய உரையே அந்த விடை எனக் கொள்ளுங்கள்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒரு தொண்டுச் சங்கத்தார் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தனர். அது எந்தச் சங்கம் என்பது இங்கே வேண்டா. ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்குவது அவர்களுடைய நோக்கம். மேடை அமைத்தோம், மாலை இட்டோம், வரவேற்புரை கூறினோம். புத்தகக் கட்டைக் கொடுக்கும்பொழுது புகைப்படக்காரர், “படம் சரியாக அமையவில்லை, மறுபடியும் கொடுங்கள்” என்றார். பையன் வாங்கிய கட்டைத் திருப்பித் தந்துவிட்டு மீண்டும் வாங்கினான். மூன்றாம் முறையும் அவ்வாறே நடந்தது. விழா முடிந்தபின் அச்சிறுவன் என்னிடம் வந்து, “ஐயா, ஒரு புத்தகத்தை எத்தனை முறை கொடுத்தால் அது தொண்டு ஆகும்?” என்று கேட்டான். “போய் உட்கார்” என்றேன். கேள்வி மட்டும் உட்காரவில்லை.

ஊர்தோறும் தொண்டுச் சங்கங்கள் இருக்கின்றன. வாரந்தோறும் கூடுகின்றன. கண் சிகிச்சை முகாம், இரத்த தானம், மரம் நடுதல், பரிசளிப்பு எனப் பலவற்றைச் செய்கின்றன. இவை மனமார்ந்த தொண்டா, அன்றி வசதி படைத்தோரின் பொழுதுபோக்கா? இவ்வினாவுக்கு விடை காண, இத்தகைய சங்கங்களுள் மூத்ததாகிய ரோட்டரி சங்கத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். அதில் நாம் எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. அச்சங்கம் தொண்டுக்காகத் தோன்றியதன்று!

அமெரிக்க நாட்டில் வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்றொரு சிற்றூர். அங்கே தாத்தா பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர் பால் ஹாரிஸ். 1868ஆம் ஆண்டு பிறந்த இவர், சட்டம் பயின்றார். ஐந்தாண்டுகள் பற்பல வேலைகள் செய்து ஊர் ஊராகச் சுற்றினார். இறுதியில் 1896இல் சிகாகோ மாநகரில் வழக்கறிஞராக அமர்ந்தார். அந்நகரில் அப்பொழுது ஏறத்தாழ 17 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். ஆயினும் ஹாரிஸுக்கு உற்ற நண்பர் என்று கூற ஒருவரும் இல்லை. சிற்றூரில் எதிரே வருபவர் எல்லாரும் பெயர் சொல்லி நலம் விசாரிப்பர். மாநகரிலோ இலட்சம் பேர் நடுவே மனிதன் தனியன். படிப்பையோ வேலையையோ நாடி ஊரை விட்டுப் பட்டணம் போன எவருக்கும் இத்தனிமை விளங்கும்.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாலை. யூனிட்டி கட்டடம் என்னும் மாடிக் கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். வழக்கறிஞர் ஹாரிஸ், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீலி, சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர், தையற் கலைஞர் ஹைரம் ஷோரி ஆகியோரே அந்நால்வர். ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவரைச் சேர்ப்பது, முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடுவது என்று முடிவு செய்தனர். கூட்டம் இவ்வாறு இடம் விட்டு இடம் சுழன்று வந்தமையால், ‘சுழல்வது’ என்னும் பொருள்பட ‘ரோட்டரி’ என்ற பெயர் அமைந்தது.

இச்சங்கத்தின் முதல் விதிகளில் இரண்டே நோக்கங்கள் இடம்பெற்றன. உறுப்பினர்களின் தொழிலை வளர்ப்பது ஒன்று. நட்பை வளர்ப்பது மற்றொன்று. நிலக்கரி வேண்டுமா, ஷீலியிடம் வாங்கு. உடை தைக்க வேண்டுமா, ஷோரியிடம் கொடு. இதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் இதில் ஊருக்கு என்ன பங்கு?

இவ்வினாவை எழுப்பியவர் உறுப்பினர் அல்லர். 1906ஆம் ஆண்டில் டொனால்டு கார்ட்டர் என்ற வழக்கறிஞரைச் சங்கத்தில் சேருமாறு நண்பர் ஒருவர் அழைத்தார். கார்ட்டர் விதிகளைப் படித்துப் பார்த்தார். தம் உறுப்பினர்களின் நன்மையை மட்டுமே நாடும் ஒரு சங்கம் நெடுநாள் நில்லாது என்றும், தன்னைச் சேராதவர்க்கும் பயன்படுவதே நிலைக்கும் என்றும் கூறிச் சேர மறுத்தார். இவ்வாறு கூறியவரை “உமக்கு விருப்பமில்லையேல் போம்” என்று அனுப்பியிருக்கலாம். அவர்கள் அங்ஙனம் செய்யவில்லை. “அப்படியாயின் தாங்களே உள்ளே வந்து விதியை எழுதித் தாருங்கள்” என்றனர். சிகாகோ நகரின் நலனை வளர்ப்பதும், குடிமக்களிடையே நகர்ப்பற்றைப் பரப்புவதும் மூன்றாம் நோக்கமாகச் சேர்ந்தன. வெளியே நின்ற ஒருவர் கேட்ட கேள்வியால் ஒரு வணிகர் கூட்டம் தொண்டுச் சங்கமாக மாறிய வரலாறு இதுவே.

மூன்றாம் நோக்கம் ஏட்டளவில் நின்றதா? இல்லை. 1907ஆம் ஆண்டில் சங்கம் கையில் எடுத்த முதற் பெரும் பணி எது தெரியுமா? சிலை அன்று, மண்டபம் அன்று. நகரின் நடுவே ஒரு பொதுக் கழிப்பிடம்!

சிரிக்க வேண்டா. பெருநகரின் கடைத்தெருவில் நாள் முழுதும் அலையும் தொழிலாளி, குழந்தையுடன் வந்த தாய், முதியவர், வெளியூர்ப் பயணி ஆகியோர் எங்கே செல்வர்? ஆண்கள் மதுக்கடைக்குள் நுழைய வேண்டும்; பெண்கள் பெரிய அங்காடிகளை நாட வேண்டும். உள்ளே நுழைந்தவர் எதையாவது வாங்காமல் திரும்புவது அரிது. ஆதலின் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்றவுடன் எதிர்த்தவர்கள் யாவர் என்பதை நீங்களே ஊகிக்கலாம். மதுத் தொழிலாரும் அங்காடி முதலாளிகளும் எதிர்த்தனர். சங்கத்தார் மற்றப் பொது அமைப்புகளையும் துணைக்கு அழைத்து, நகராட்சியை நெருங்கி, விடாது முயன்றனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 1909இல் நகர மன்றக் கட்டடத்தின் அருகே அது அமைந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சங்கத்தார் பத்துப் பேருக்குப் பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அது எளிது, எதிர்ப்பும் இராது. அவர்கள் யார் பெயரும் தெரியாத, யாரும் நன்றி கூறப் போகாத ஓர் இடத்தை ஊருக்கு வாங்கித் தந்தனர். நம் திருக்குறளில் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும், ஈகை என அதனை அடுத்து மற்றோர் அதிகாரமும் தனித்தனியே உள்ளன. இல்லாதவர்க்கு ஒருவர் கைநீட்டிக் கொடுப்பது ஈகை. ஊரார் அனைவரும் உரிமையுடன் பயன்கொள்ளும் வண்ணம் வாழ்வது ஒப்புரவு. ஊர்நடுவே நீர் நிறைந்த குளம் யாரையும் கை நீட்டச் சொல்வதில்லை. ஈகையும் வேண்டியதே. ஆயினும் ஈகையில் கொடுப்பவன் மேலே நிற்கிறான், வாங்குபவன் கீழே நிற்கிறான். ஒப்புரவில் அந்த மேடு பள்ளம் இல்லை.

பிறகு சங்கம் விரைந்து பரவியது. 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாம் சங்கம் எழுந்தது. 1910இல் 16 சங்கங்கள் கூடித் தேசிய அமைப்பு ஒன்றைக் கண்டன. 1911இல் அயர்லாந்தின் டப்ளினுக்கும் இங்கிலாந்தின் இலண்டனுக்கும் அது கடல் கடந்து சென்றது. இந்தியாவில் கல்கத்தாவில் 1919ஆம் ஆண்டிலும், சென்னையில் 1929ஆம் ஆண்டிலும் சங்கங்கள் அமைந்தன. உலக அமைப்பின் தலைமைப் பதவியை 1962ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லாகரி ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1947இல் பால் ஹாரிஸ் மறைந்தபொழுது, அவர் நினைவாக வந்து குவிந்த நன்கொடைகள் மாணவர்களின் மேற்படிப்புக்கு உதவித்தொகையாக மாறின. முதலாண்டில் 18 மாணவர்கள் அதனால் பிற நாடுகளுக்குச் சென்று பயின்றனர்.

இவ்வளவும் பெருமைக்குரியன. ஆனால் வரலாறு கற்பவர் பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போதல் ஆகாது. ஊருக்கெல்லாம் உழைப்பதாகக் கூறிய இச்சங்கம், ஊரில் பாதிப் பேரைத் தன் வாயிலிலேயே நிறுத்தி வைத்தது. பெண்கள் உறுப்பினராதல் கூடாது என்பது விதி. மனைவியர் உணவு பரிமாறலாம், நிதி திரட்டலாம். மன்றத்தில் அமர்ந்து வாக்களிக்கக் கூடாது. ஒன்றன்று, இரண்டன்று, எண்பது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

கலிபோர்னியா மாநிலத்தில் துவார்த்தே என்பது ஒரு சிறு நகரம். அங்கிருந்த சங்கம் 1977ஆம் ஆண்டில் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1978இல் தலைமை அமைப்பு அச்சங்கத்தையே விலக்கிவிட்டது. துவார்த்தே சங்கத்தார் அஞ்சவில்லை, சோர்ந்துபோகவும் இல்லை. ‘முன்னாள் ரோட்டரி சங்கம்’ என்று தம்மை நகைச்சுவையாக அழைத்துக்கொண்டு கூட்டங்களைத் தொடர்ந்து நடத்தினர். வழக்கும் தொடுத்தனர். அவ்வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1987ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் தீர்ப்புப் பெண்களுக்குச் சாதகமாக வந்தது. 1989இல் உலகெங்கும் அவ்விதி நீக்கப்பட்டது. 1987இல் துவார்த்தே சங்கத்தின் தலைமையை ஏற்ற சில்வியா விட்லாக் என்ற பெண்மணி ஒரு பள்ளித் தலைமையாசிரியர் என்பதைக் கூறுவதில் எனக்குச் சற்றே மகிழ்ச்சி! 2022ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த ஜெனிபர் ஜோன்ஸ் உலக அமைப்பின் முதல் பெண் தலைவரானார்.

1906இல் ஒருவர் கேட்டார். உடனே கதவு திறந்தது. 1978இல் மூவர் நின்றனர். கதவு திறக்க நீதிமன்றம் வேண்டியதாயிற்று. நற்செயல் புரியும் அமைப்பும் செவி மூடினால் அநீதி செய்யும் என்பதை இதனால் உணர்கிறோம்.

இனி, இச்சங்கம் மேற்கொண்ட பணிகளுள் தலையாயதற்கு வருகிறேன். அதற்கு முன் என் நினைவு ஒன்று. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் பள்ளியில் காலில் இரும்புச் சட்டம் பூட்டி நடக்கும் மாணவர் சிலர் இருந்தனர். தாழ்வாரத்தில் அச்சட்டத்தின் ஒலி கேட்டே வருபவர் இன்னார் என்று அறிவோம். இளம்பிள்ளை வாதம் அவர்களுடைய கால்களைச் சூம்பச் செய்திருந்தது. நான் ஓய்வு பெற்ற ஆண்டில், பள்ளி முழுவதிலும் அந்த ஒலி இல்லை. இம்மாற்றம் தானாக வந்ததா?

இளம்பிள்ளை வாதக் கிருமி, நோயுற்றவரின் மலத்தின் வழியே வெளியேறி, மாசடைந்த நீராலும் கைகளாலும் பிறர் வாய்க்குச் செல்கிறது. ஒரு குழந்தை மருந்து உண்டால் அக்குழந்தை காப்புப் பெறும். ஓர் ஊரின் குழந்தைகள் யாவரும் ஒரே காலத்தில் உண்டாலோ, கிருமிக்குத் தங்க இடமே இல்லாமற் போகும். எனவே, ஒரு குழந்தையையும் விடாமை இப்போரின் உயிர்நாடி. வாயில் இடும் சொட்டு மருந்துக்கு ஊசி வேண்டா. பயிற்சி பெற்ற தொண்டர் எவரும் இடலாம். மருந்தைக் குளிர் நிலையில் காத்துக் கொண்டுசேர்ப்பதே கடினம்.

1979ஆம் ஆண்டில் ரோட்டரி சங்கத்தார் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 இலட்சம் குழந்தைகளுக்கு இம்மருந்தை வழங்கும் பணியைத் தொடங்கினர். அவ்வெற்றி கண்டு, 1985இல் உலகம் முழுவதற்கும் இதனை விரித்தனர். 12 கோடி டாலர் திரட்ட எண்ணினர். 1988க்குள் 24 கோடி டாலருக்கு மேல் திரண்டது. அவ்வாண்டில் உலக சுகாதார நிறுவனமும் நாடுகளின் அரசுகளும் இந்நோயை ஒழிக்க உறுதி பூண்டன. அக்காலத்தில் 125க்கு மேற்பட்ட நாடுகளில், ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 பேர் இந்நோயால் முடங்கினர். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர்!

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு நாடு தழுவிய சொட்டு மருந்து நாள் தொடங்கிற்று. ஒரு சுற்றில் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து இட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பள்ளி வாயிலையும் திறந்து வைத்தோம். குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிய செவிலியரும், சத்துணவுப் பணியாளரும், சங்கத் தொண்டரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். மருந்து உண்ட குழந்தையின் சுண்டு விரலில் மை இட்டனர். மாலையில் மை இல்லாத விரல்களைத் தேடித் தெருத்தெருவாகச் சென்றனர். அத்தெருக்களில் புகைப்படக்காரர் எவரும் இல்லை.

வடநாட்டில் பணி இதனினும் கடுமை. உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலும் பிகாரிலும் கிருமி விடாப்பிடியாக நின்றது. சில ஊர்களில் மருந்தைப் பற்றி வதந்திகள் பரவின. தாய்மார் கதவை அடைத்தனர். “அறியாதவர்கள்” என்று அவர்களை இகழ்ந்திருந்தால் வேலை நடந்திராது. தொண்டர்கள் அவர்களுடைய ஐயத்தைச் செவிமடுத்தனர். இசுலாமிய மார்க்க அறிஞர்களைக் கொண்டே குழு அமைத்து விளக்கினர். 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 பேர் இந்நோயுற்றனர். 2010இல் 42 பேர். 2011இல் ஒரே ஒரு குழந்தை. மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் 2011 ஜனவரி 13ஆம் நாள் நோய் கண்ட சிறுமியே கடைசி. 2014 மார்ச் 27ஆம் நாள், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் இந்நோயற்றதெனச் சான்று பெற்றது.

ஈழத்து நிகழ்ச்சி ஒன்றையும் கேளுங்கள். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். வடக்கே உள்ள குழந்தைகளுக்கு மருந்து எவ்வாறு சேரும்? கொழும்பு ரோட்டரி சங்கத்தைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன், அரசும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் ரோட்டரியும் சேர்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். சொட்டு மருந்து நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தி வைக்குமாறு பேசி இணங்க வைத்தனர். போரிட்ட இருவரும் குழந்தைகளின் பொருட்டு ஒரு நாள் ஓய்ந்தனர். இலங்கையில் கடைசியாக இந்நோய் காணப்பட்ட ஆண்டு 1993. ரவீந்திரன் பிற்காலத்தில், 2015இல், உலக அமைப்பின் தலைவரானார்.

இவ்வெற்றி முழுவதும் ஒரு சங்கத்தின் புகழ் என்று நான் கூற வரவில்லை. அரசுகளின் பணமும், அறிஞர்களின் மருந்தும், பெயர் தெரியாத இலட்சக்கணக்கான பெண் பணியாளரின் கால்களும் சேர்ந்து நடந்த பணி இது. முற்றும் முடிந்துவிட்ட பணியும் அன்று. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் 2024ஆம் ஆண்டிலும் இக்கிருமி குழந்தைகளை முடக்கியது. ஓர் ஊரில் எஞ்சினாலும் கிருமி எல்லையைக் கடக்கும். ஆதலின் இங்கும் மருந்து இடுவதை நாம் நிறுத்தலாகாது.

மாணவர்களே, அச்சிறுவனின் கேள்விக்கு மீள்கிறேன். ஒரு புத்தகத்தை எத்தனை முறை கொடுத்தால் அது தொண்டாகும்? ஒரு முறை போதும். ஆனால் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். வாங்குபவனுக்கு உண்மையில் எது தேவை என்று கேட்க வேண்டும். யார் விடுபட்டார் என்று கேட்க வேண்டும். நாம் போனபின்பும் இது நிற்குமா என்று கேட்க வேண்டும். சிகாகோவின் நால்வர், வெளியே நின்ற ஒருவரின் சொல்லுக்குச் செவி சாய்த்த அன்றே தொண்டராயினர். அவர்கள் வழிவந்தோர் செவி சாய்க்க மறந்த நாட்களில், எத்தனை விழா எடுத்திருந்தாலும், அந்த அளவுக்குக் குறைந்தே நின்றனர்.

உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும். சாரணர் படை இருக்கும். நற்பணி மன்றம் இருக்கும். அவற்றில் சேருங்கள். சேர்ந்தபின் உங்களைப் பார்த்து எவரேனும் “இதனால் எங்களுக்கு என்ன பயன்?” என்று கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். “போய் உட்கார்” என்றும் கூறாதீர்கள். நான் அப்படிக் கூறியதற்காக இன்றும் வருந்துகிறேன். அச்சிறுவனை அன்று என் பக்கத்து நாற்காலியில் அமர்த்தி, அடுத்த விழாவை எப்படி நடத்தலாம் என்று அவனையே கேட்டிருக்க வேண்டும்.